தொடாமல் எண்ணும் அடுக்குகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் சிலம்பும் குறளும் கம்பனும் பேசப்படுவது வழக்கம். அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, மெல்லிய படலங்களின் மீது எக்ஸ் கதிர் பட்டுத் திரும்புவதை அளக்கும் முறையைப் பற்றி இன்று பேச எண்ணுகின்றோம். பொருளின் பெயரைக் கேட்டபோது செயலாளர் முகத்தில் ஒரு கலக்கம் தோன்றியதை நாம் கவனிக்காமல் இல்லை. எனினும் அவர் தடுக்கவில்லை, அப்பெருந்தன்மைக்கு நன்றி. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கணக்குப் புத்தகத்தோடு காலம் கழிப்பவர் இதைப் பேசலாமா என்று கேட்போர் இருக்கலாம். நம் காலனிப் பிள்ளைகள் இத்தகைய பாடங்களை ஆங்கிலத்திலும் இந்தியிலும் படிக்கின்றனர். வீட்டுக்கு வந்து தாயிடமோ பாட்டியிடமோ அதைச் சொல்ல அவர்களிடம் சொல் இல்லை. சொல் இல்லாமற் போனால் சில ஆண்டுகளில் பேச்சும் இல்லாமற் போய்விடும். ஆகவே, சொல்லித்தான் பார்ப்போமே என்று துணிந்தோம். மேலும், இந்த அளவை வேலை எங்கோ கடல் கடந்த நாட்டில் மட்டும் நடப்பதன்று. நாம் பிழைக்க வந்திருக்கும் இதே இந்தூரில், நகரின் தென்மேற்கே சுக்நிவாஸ் பகுதியில் நாள்தோறும் நடந்துவருகின்றது.

நம் குடியிருப்புச் சுவர்களை எடுத்துக்கொள்வோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்கின்றார்கள். பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடிப்பது ஒப்பந்தக்காரர் வழக்கம். மழைக்காலத்தில் ஓரிடத்தில் காரை பெயர்ந்து விழுந்தால், அதன் விளிம்பை உற்றுப் பார்த்து, வெள்ளை, நீலம், மஞ்சள், மறுபடி வெள்ளை என்று எண்ணிவிடலாம். எத்தனை முறை பூசினார்கள், எப்பூச்சு தடிப்பு, எப்பூச்சு கண்துடைப்பு என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஆனால் அதற்குச் சுவர் பெயரவேண்டும். பெயராத சுவரில், விரலால் தொடாமல், எத்தனை பூச்சு உண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு தடிப்பு, ஒரு பூச்சும் அடுத்த பூச்சும் சந்திக்கும் இடம் வழுவழுப்பா சொரசொரப்பா என்று சொல்ல முடியுமா? நாம் பேச வந்த அளவை முறை இதைத்தான் செய்கின்றது. அது சொல்லும் பூச்சுகளோ சுண்ணாம்புப் பூச்சைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லியவை.

அந்த மென்மையை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாலிப்டினம் என்னும் உலோகத்தையும் சிலிக்கனையும் மாற்றி மாற்றிப் பூசிச் செய்யப்படும் ஒருவகைக் கண்ணாடியில், ஒரு மாலிப்டினப் படலமும் ஒரு சிலிக்கன் படலமும் சேர்ந்த இணையின் தடிப்பு சுமார் 7 நானோமீட்டர். ஒரு மயிரின் தடிப்புக்குள் இத்தகைய இணைகள் 10,000 அடங்கும். அவ்வளவு மெல்லிய படலத்தை எந்தக் கோல் கொண்டு அளப்பது? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நானோமீட்டர். முழக்கோலால் கடுகை அளக்க முடியாதல்லவா? எக்ஸ் கதிரின் அலைநீளம் இதைவிட மிகச் சிறியது. செம்பை இலக்காக உடைய சாதாரண எக்ஸ் கதிர்க் குழாயிலிருந்து வரும் முக்கியக் கதிரின் அலைநீளம் 0.154 நானோமீட்டர். கோல் கிடைத்துவிட்டது.

ஆனால் ஓர் இடர்ப்பாடு. எக்ஸ் கதிர் எதையும் ஊடுருவிச் செல்வது. அதனால்தான் அது மருத்துவருக்குப் பயன்படுகின்றது. ஊடுருவிச் செல்வது எவ்வாறு திரும்பி வரும்? 1895-ல் வூர்ட்ஸ்பர்க் நகரில் அக்கதிரைக் கண்டறிந்த ரான்ட்கன், அது ஒளியைப்போல் வளைகின்றதா, கண்ணாடியில் பட்டுத் திரும்புகின்றதா என்று தேடிப் பார்த்தார். தெளிவான அடையாளம் ஒன்றும் அவருக்கு அகப்படவில்லை. விடை கிடைக்க ஏறத்தாழ 28 ஆண்டுகள் ஆயின. 1923-ல் அமெரிக்கப் பௌதிக அறிஞர் காம்ப்டன், எக்ஸ் கதிரை மேற்பரப்பின் மீது மிக மிகச் சாய்வாக, உரசிக்கொண்டு போவதுபோல் செலுத்தினால், அது உள்ளே நுழையாமல் முழுவதும் திரும்பிவிடுகின்றது என்று காட்டினார்.

ஊரில் ஏரிக்கரையில் நின்று ஓட்டாஞ்சில்லை வீசி விளையாடியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நெட்டுக்குத்தாகப் போட்டால் சில்லு முழுகிவிடும். தண்ணீரோடு தண்ணீராகப் படிய வீசினால் தத்தித் தத்திப் போகும். காரணம் இரண்டிலும் ஒன்றன்று, காட்சி ஒன்று. எக்ஸ் கதிரின் காரணம் வருமாறு. கண்ணாடிக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் நுழையும் சாதாரண ஒளிக்கு ஒளிவிலகல் எண் ஒன்றைவிட அதிகம். எக்ஸ் கதிருக்கோ, திடப்பொருளின் ஒளிவிலகல் எண் ஒன்றைவிடச் சற்றே குறைவு. எவ்வளவு குறைவு என்றால், சிலிக்கனில் பத்து லட்சத்தில் 7 அல்லது 8 பங்கு. அந்த அற்பக் குறைவினால், ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குக் கீழே கதிர் உள்ளே போக வழியின்றித் திரும்புகின்றது. அதற்கு மாறுநிலைக் கோணம் என்று பெயர். செம்புக் குழாயின் கதிருக்குச் சிலிக்கனில் அக்கோணம் 0.22 பாகை. பொன்னில் அரைப் பாகைக்குச் சற்று மேல்.

0.22 பாகை என்றால் எவ்வளவு? கடிகாரத்தின் நிமிட முள் இரண்டே நொடிகளில் நகரும் அளவு. இரயில்வேக் குடும்பங்களுக்கு வேறு விதமாகவும் சொல்லலாம். பாதையோரத்தில் ஏற்றம் காட்டும் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அக்கணக்கில் இது ஏறத்தாழ 260-க்கு 1. பம்பாயிலிருந்து புனே செல்லும் வழியில் போர்காட் மலையேற்றம் 37-க்கு 1. எக்ஸ் கதிருக்கு அது செங்குத்துப் பாறை! அவ்வளவு தாழ்வாகச் செலுத்தினால்தான் கதிர் முழுமையாகத் திரும்பும்.

இனி அளவைக் கருவியைப் பார்ப்போம். குழாயிலிருந்து வரும் கதிரை ஒரு மெல்லிய கீற்றுத் துளையின் வழியே விட்டு நாடாவைப்போல் ஒடுக்குகின்றனர். அதன் பாதையில் அளக்கவேண்டிய மாதிரி நிற்கும். மாதிரியை ஒரு கோணம் திருப்பினால், கதிரை எண்ணும் கருவியை அதைப்போல் இரு மடங்கு திருப்பவேண்டும்; கண்ணாடியில் படும் ஒளிக்கு நாம் பள்ளியில் படித்த விதிதான். பூச்சியத்திலிருந்து தொடங்கி, பாகையின் நூற்றிலொரு பங்கோ அதற்கும் குறைவோ ஆகச் சிறு சிறு படிகளில் நகர்த்தி, மூன்று நான்கு பாகை வரை ஒவ்வொரு படியிலும் எத்தனை கதிர்த் துகள்கள் திரும்பி வந்தன என்று எண்ணிக் குறிக்கவேண்டும்.

சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதில்தான் இடர்கள். கதிர் நாடாவின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்திலொன்று என்க. 0.2 பாகைச் சாய்வில் அது மாதிரியின் மேல் படும்போது 28 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு விரிகின்றது. மாலை வெயிலில் நம் நிழல் நீள்வதைப்போல. மாதிரியின் நீளம் 20 மில்லிமீட்டர்தான் என்றால் மிச்சக் கதிர் பக்கத்தில் வழிந்து வீணாகும். அந்த வீணைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மாதிரியின் திறன் குறைவு என்று பொய்யான முடிவு வரும். மேலும் மாதிரி கதிரின் நடுவில் துல்லியமாக நிற்கவேண்டும். அதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. மாதிரியைக் கதிருக்கு இணையாக வைத்து மெல்ல மெல்ல உயர்த்துவார்கள். எண்ணுங்கருவியில் எண்ணிக்கை சரியாகப் பாதியாகும்போது நிறுத்துவார்கள். அப்போது மாதிரியின் விளிம்பு கதிரைப் பாதியாக வெட்டி நிற்கின்றது என்று பொருள். பிறகு கோணத்தைச் சற்றே ஆட்டிச் சரிபார்த்து, மறுபடி உயரத்தைச் சரிபார்த்து, இப்படி இரண்டு மூன்று முறை. தராசின் முள்ளை நடுவில் நிறுத்திய பிறகே நிறுக்கத் தொடங்கும் நல்ல வியாபாரியின் பொறுமை இங்கே வேண்டும்.

எண்ணுவதிலும் ஒரு விசித்திரம். தொடக்கத்தில் நொடிக்குப் பல கோடி துகள்கள் வந்து மோதும், எண்ணுங்கருவி திணறிவிடும். ஆதலால் அப்போது கதிரின் முன் ஒரு மெல்லிய உலோகத் தகட்டை வைத்து மட்டுப்படுத்துகின்றனர். மாறுநிலைக் கோணத்தைத் தாண்டியதும் திரும்பும் கதிர் சரசரவென்று குறைகின்றது. கோணம் இரு மடங்கானால் திரும்புவது ஏறத்தாழ 16-ல் ஒரு பங்கு. கடைசியில் நொடிக்கு ஒன்றிரண்டு துகள்கூட வருவதில்லை. ஒரே புள்ளியில் நெடுநேரம் காத்திருக்க நேரும். கோடியையும் ஒன்றையும் ஒரே தாளில் வரைய முடியாது. ஆகவே ஒரு கட்டத்துக்குப் பத்து மடங்கு என்னும் மடக்கை அளவில் வரைபடம் போடுகின்றனர்.

அந்த வரைபடம்தான் நமக்குக் கிடைக்கும் சாட்சியம். அதை வாசிக்கத் தெரியவேண்டும்.

மழை நின்ற சாலையில் சிந்திய எண்ணெய் வானவில்போல் நிறம் காட்டுவதைக் குழந்தைகள் பார்த்திருப்பார்கள். எண்ணெயின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியலையும், அடியில் தண்ணீரின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியலையும் ஒன்றோடொன்று கலக்கின்றன. முகடும் முகடும் சேர்ந்தால் ஒளி மிகும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் மங்கும். மெல்லிய படலத்தின் மேல் எக்ஸ் கதிர் படும்போதும் இதே நாடகம் நிகழ்கின்றது. கோணம் ஏற ஏறத் திரும்பும் கதிர் கூடியும் குறைந்தும் அலை அலையாக இறங்குகின்றது. 1931-ல் கீஸிக் என்னும் ஜெர்மானியர் கண்ணாடியின் மேல் பூசிய நிக்கல் படலங்களில் இவ்வலைகளைக் கண்டு எழுதினார். இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. அலைகள் நெருக்கமாக இருந்தால் படலம் தடிப்பு, விலகியிருந்தால் மெல்லியது. 50 நானோமீட்டர்ப் படலத்தில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி ஏறத்தாழ 0.09 பாகை, 10 நானோமீட்டர்ப் படலத்தில் 0.44 பாகை. கோண இடைவெளியை அளந்தால் தடிப்பு தெரிந்துவிடுகின்றது. எவ்வளவு நேரான நியாயம்!

ஒரே படலம் அன்றி, இரண்டு பொருள்களை மாற்றி மாற்றி அடுக்கிய பல்லடுக்கில் காட்சி இன்னும் சிறக்கின்றது. ஒவ்வோர் இணையிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் எல்லாம் ஒன்றுகூடி, வரைபடத்தில் ஓர் உயர்ந்த கோபுரத்தை எழுப்புகின்றன. படிகங்களுக்காக 1913-ல் பிராக் என்னும் தந்தையும் மகனும் வகுத்த விதியே இங்கும் செல்லும். 7 நானோமீட்டர் இணைக்கு முதற் கோபுரம் 0.63 பாகையில் எழவேண்டும் என்று விதி சொல்கின்றது. ஒளிவிலகலால் உண்மையில் அது சற்று மேலே, 0.7 பாகையை ஒட்டி எழும். இரண்டாவது, மூன்றாவது கோபுரங்கள் அதற்கப்பால். ஒரு கோபுரத்துக்கும் அடுத்த கோபுரத்துக்கும் நடுவே சின்னஞ்சிறு கலசங்கள்போல் சில மேடுகள் நிற்கும். அவற்றை எண்ணி இரண்டைக் கூட்டினால் மொத்தம் எத்தனை இணைகள் என்பது வந்துவிடும். 8 மேடு இருந்தால் 10 இணை. பெயராத சுவரில் பூச்சை எண்ணுவது என்று சொன்னோமே, இதுதான் அது.

மற்றோர் அழகும் உண்டு. இணையிலுள்ள இரு படலங்களும் சம தடிப்பாக இருந்தால் இரண்டாவது கோபுரம் ஏறக்குறைய மறைந்துவிடும். இருப்பது செய்தி சொல்வதைப் போலவே இல்லாததும் செய்தி சொல்கின்றது.

இந்த அடுக்குகளை முதன்முதலில் செய்து வெற்றி கண்ட கதை, நம் எண்ணத்தில், இத்துறையிலேயே மிகச் சுவையானது. 1920-களில் சிலர் முயன்று தோற்றனர். 1935-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் டூமாண்ட், யூட்ஸ் என்னும் இருவர் பொன்னையும் செம்பையும் ஆவியாக்கி மாற்றி மாற்றிப் படியச் செய்து, பல்லடுக்கு ஒன்றை உருவாக்கினர். எக்ஸ் கதிரைச் செலுத்தினர். எதிர்பார்த்த இடத்தில் கோபுரம் எழுந்தது. ஆனால் நாளுக்கு நாள் அந்தக் கோபுரம் தேய்ந்துகொண்டே வந்தது. கருவியில் பழுதில்லை, எண்ணிக்கையில் பிழையில்லை. பொன்னும் செம்பும் தம் எல்லையைக் காக்கவில்லை. அறையின் சாதாரண வெப்பத்திலேயே பொன் அணுக்கள் செம்புக்குள்ளும் செம்பு அணுக்கள் பொன்னுக்குள்ளும் மெல்ல மெல்லப் பரவி, அடுக்கு என்பதே கரைந்துகொண்டிருந்தது.

நிலையான அடுக்கை விரும்பியவருக்கு இது தோல்வி. அவர்கள் அதைத் தோல்வியாகக் கணக்கில் எழுதவில்லை. திட உலோகம் ஒன்று மற்றொன்றினுள் அறை வெப்பத்தில் பரவும் வேகம் மிக மிகச் சிறியது. வேறு முறையால் அதை அளப்பது அரிது. கோபுரம் தேயும் வேகத்தைக் கொண்டு பரவும் வேகத்தைக் கணக்கிடலாமே என்று கண்டு, 1940-ல் அம்முறையையே ஓர் ஆய்வாக வெளியிட்டனர். மாதிரியை வெட்டவில்லை, சுரண்டவில்லை, கரைக்கவில்லை. திரும்பி வந்த கதிரை மட்டும் எண்ணினார்கள். நம் வீட்டுப் பெண்கள் நகைக்கடையில் செம்பு கலந்த பொன் என்று கேட்டு முகம் சுளிப்பதுண்டு. அந்தக் கலப்பு ஓர் அணுவளவில் எவ்வாறு தொடங்குகின்றது என்பதை எண்ணிக்கையால் கண்டவர்கள் இவர்கள்.

பிற்காலத்தில் ஒன்றோடொன்று எளிதில் கலவாத இணைகளைத் தேர்ந்தெடுத்தனர். டங்ஸ்டனும் கரியும் ஓர் இணை. டங்ஸ்டனும் சிலிக்கனும், பிளாட்டினமும் கரியும் வேறு இணைகள். மாலிப்டினமும் சிலிக்கனும் புகழ்பெற்ற இணை. 1972-ல் ஸ்பில்லர் என்பவர், கதிரை விழுங்கும் பொருளையும் தக்க இடத்தில் மெல்லியதாக வைத்தால் நல்ல கண்ணாடி செய்யலாம் என்று காட்டியதிலிருந்து இத்துறை வேகம் கொண்டது.

இவ்வளவு பாடு எதற்கு என்று தாய்மார்கள் கேட்பது நம் காதில் விழுகின்றது. அவர்கள் கையில் இருக்கும் கைப்பேசியிலிருந்தே விடை தொடங்குகின்றது. இன்றைய உயர்ந்த வகைக் கணிப்பொறிச் சில்லுகளில் மிக நுண்ணிய கோடுகளை அச்சிட 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரைப் பயன்படுத்துகின்றனர். அக்கதிரை எந்தக் கண்ணாடி வில்லையும் கடத்தாது, காற்றே விழுங்கிவிடும். ஆகவே வெற்றிடத்தில், வில்லைக்குப் பதிலாக வளைந்த கண்ணாடிகளால் அதைச் செலுத்துகின்றனர். அக்கண்ணாடிகள் எல்லாம் நாம் சொன்ன மாலிப்டினம், சிலிக்கன் அடுக்குகள். ஒவ்வொன்றிலும் 40 முதல் 50 இணைகள். மிகச் சிறந்த கண்ணாடி விழும் கதிரில் ஏறக்குறைய நூற்றுக்கு 70 பங்கைத் திருப்பும். மீதி உள்ளேயே உறிஞ்சப்பட்டுச் சூடாகிப் போகும்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கதிர் பத்துக் கண்ணாடிகளில் பட்டுப் பட்டுச் செல்வதாக வைத்துக்கொள்க. ஒவ்வொன்றும் 70 பங்கு திருப்பினால் கடைசியில் மிஞ்சுவது நூற்றுக்கு 2.8. ஒவ்வொன்றும் 65 பங்குதான் திருப்பும் என்றால் மிஞ்சுவது 1.35. ஒரு கண்ணாடியில் ஐந்து பங்கு குறைந்தது; பத்துக் கண்ணாடியின் முடிவில் சரிபாதி போயிற்று! சம்பளம் கைக்கு வருமுன் பத்து இடத்தில் பிடித்தம் செய்தால் என்னவாகும் என்று நமக்குச் சொல்லவேண்டுவதில்லை. ஆகவே ஒரு பங்கு இரண்டு பங்கு வேற்றுமையைக்கூடத் துல்லியமாக அளந்தறிவது அறிஞரின் விளையாட்டன்று. ஆலையின் இலாப நட்டம் அதில் தொங்குகின்றது.

வானத்திலும் இவ்வடுக்குகள் உண்டு. 2012-ல் அமெரிக்கா ஏவிய நூஸ்டார் என்னும் தொலைநோக்கியில், ஒன்றினுள் ஒன்றாக அடுக்கிய 133 கண்ணாடிக் கூடுகள் கொண்ட தொகுதிகள் இரண்டு. உட்கூடுகளில் பிளாட்டினமும் கரியும்; வெளிக்கூடுகளில் டங்ஸ்டனும் சிலிக்கனும். அத்தொலைநோக்கி 79,000 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வரைதான் காணும். அதற்கு மேல் பிளாட்டினமே கதிரை விழுங்கத் தொடங்கிவிடுகின்றது. கருந்துளையைக் காணும் கண்ணின் எல்லையை நிர்ணயித்தது சில நானோமீட்டர்ப் பூச்சு.

இனி நாம் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகின்றோம். வரைபடத்திலிருந்து தடிப்பையும் எண்ணிக்கையையும் அறிவது எளிது என்று சொன்னோம். ஆனால் இரு படலங்களுக்கிடையே உள்ள எல்லை எத்தகையது என்பதை அறிவதுதான் கடினம். திறனைத் தீர்மானிப்பதும் அதுவே. எல்லை அரை நானோமீட்டர் அளவு கலங்கியிருந்தால், 7 நானோமீட்டர் இணையின் முதற் கோபுரம் நூற்றுக்கு 82 பங்கு நிற்கும். இணை 3 நானோமீட்டர் என்றால் அதே கலக்கம் கோபுரத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அரை நானோமீட்டர் என்பது இரண்டு மூன்று அணுக்களின் அகலம். வேடிக்கை என்னவெனில், மாலிப்டினத்தின் மேல் சிலிக்கன் அமரும் எல்லையும், சிலிக்கனின் மேல் மாலிப்டினம் அமரும் எல்லையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பின்னதே அதிகம் கலந்து தடிக்கின்றது. யார் மேல் யார் வந்து அமர்ந்தார் என்பதைப் பொறுத்து உறவு மாறுவதைக் குடும்பங்களில் கண்டிருக்கின்றோம். உலோகத்திலும் அப்படியே போலும்.

இவற்றை எல்லாம் வரைபடத்திலிருந்து பிரித்தெடுக்க 1954-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பாரட் ஒரு கணக்கு முறை வகுத்தார். அடித்தளத்திலிருந்து தொடங்கி ஒவ்வோர் எல்லையாக மேலேறி, திரும்பும் அலையைக் கூட்டிக்கொண்டே வரும் முறை அது. அன்று கையால் செய்ததை இன்று கணிப்பொறி நொடியில் செய்கின்றது. செய்யும் விதம் இதுதான்: முதலில் அடுக்கு இப்படி இருக்கும் என்று ஓர் ஊகம், அதிலிருந்து ஒரு வளைகோடு, அதை அளந்த வளைகோட்டோடு ஒப்பிடுதல், ஒத்து வரும் வரை தடிப்பையும் அடர்த்தியையும் கலக்கத்தையும் சிறிது சிறிதாக மாற்றுதல்.

இங்கேதான் கணக்கர்களுக்குப் பழக்கமான ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கின்றது. வரவுப் பக்கத்தில் ஐம்பது ரூபாய் கூட்டி எழுதி, செலவுப் பக்கத்திலும் ஐம்பது ரூபாய் கூட்டி எழுதினால் இருப்பு ஒத்தே நிற்கும். ஒத்து நிற்பதாலேயே கணக்கு உண்மையாகிவிடாது. எக்ஸ் கதிர் வரைபடத்திலும் அவ்வாறே. எண்ணுங்கருவி எத்தனை துகள் வந்தன என்று மட்டும் குறிக்கின்றது. அலை முகட்டில் வந்ததா பள்ளத்தில் வந்ததா என்று குறிப்பதில்லை. வாயிற்காவலன் எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணுவான். எக்கால் முன்வைத்து வந்தனர் என்று எழுதுவதில்லை. அந்தப் பாதிச் செய்தி தொலைந்துபோவதால், வெவ்வேறான இரண்டு அடுக்கமைப்புகள் ஏறத்தாழ ஒரே வளைகோட்டைத் தருவதுண்டு. கோடு கோட்டோடு ஒட்டிவிட்டது என்று மகிழ்ந்து அங்கேயே நிறுத்துபவரை நாம் நம்புவதற்கில்லை. கணிப்பொறி பத்து எண்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள விட்டால் எந்தக் கோட்டையும் எந்தக் கோட்டோடும் ஒட்டிக் காட்டிவிடும். அடர்த்தியை உலோகத்தின் இயல்பான அடர்த்திக்கு மேல் ஏற்றிக்கூடக் கோட்டைப் பொருத்தும்! பொருளுக்குப் பொருந்தாத எண்ணை மறுக்க மனிதர் வேண்டும்.

எல்லை உண்மையில் மேடுபள்ளமாக இருக்கின்றதா, அல்லது இரு பொருளும் கலந்து குழம்பியிருக்கின்றனவா என்பதையும், கண்ணாடிபோல் நேராகத் திரும்பும் கதிரை மட்டும் எண்ணிச் சொல்ல இயலாது. இரண்டும் கோபுரத்தை ஒரே விதமாகத்தான் குறைக்கும். அதற்கு நேர்வழி விட்டுச் சற்று விலகிச் சிதறும் மங்கிய கதிரையும் எண்ணவேண்டும். மேடுபள்ளம் கதிரைச் சிதறடிக்கும், கலப்பு சிதறடிப்பதில்லை. பொறுமையுள்ள ஆய்வாளர் இந்த இரண்டாவது அளவையையும் செய்கின்றார். சிலர் ஒரு மாதிரியைத் தியாகம் செய்து, குறுக்காக வெட்டி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரில் பார்த்துச் சரிபார்க்கின்றனர். மூன்றாவது வழி, ஒரே மாதிரியை வேறு வேறு அலைநீளங்களில் அளப்பது. ஒரு தனிமத்துக்கு உரிய குறிப்பிட்ட அலைநீளத்தை நெருங்கும்போது அத்தனிமத்தின் ஒளிவிலகல் எண் மட்டும் திடீரென மாறும். அப்போது பொய்யான ஊகம் ஓர் அலைநீளத்தில் ஒத்துவந்தாலும் மற்றொன்றில் அகப்பட்டுக்கொள்ளும். இரண்டு சாட்சிகளைத் தனித்தனியே விசாரிப்பதைப்போல.

வேண்டிய அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கச் செம்புக் குழாய் போதாது. அதற்குத்தான் நம் ஊரிலுள்ள வளையங்கள். 1984-ல் இங்கே அடிக்கல் நாட்டப்பெற்ற மையம், 2005-லிருந்து இராஜா இராமண்ணா உயர் தொழில்நுட்ப மையம் என்று வழங்குகின்றது. அங்கே இண்டஸ்-1 என்னும் வளையம் 1999-லிருந்து ஒளி தருகின்றது. சுற்றளவு ஏறத்தாழ 19 மீட்டர். நம் சங்கத் திடலுக்குள்ளேயே அடங்கிவிடும். அதில் 45 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு எலெக்ட்ரான்கள் சுற்றுகின்றன. வளையும்போதெல்லாம் ஒளியைச் சிந்துகின்றன. அதற்குப் பின் எழுந்த இண்டஸ்-2 வளையத்தின் சுற்றளவு 172 மீட்டருக்கு மேல். ஆற்றல் 250 கோடி எலெக்ட்ரான் வோல்ட். இவ்வளையங்களிலிருந்து பிரியும் கதிர்ப் பாதைகளில், பிரதிபலிப்பை அளப்பதற்கென்றே அமைந்தவையும் உண்டு. அம்மையத்திலேயே பல்லடுக்குக் கண்ணாடிகளைப் பூசவும் செய்கின்றனர்.

ஒரு கண்ணாடி அங்கே கடக்கும் வழியைச் சொல்லி முடித்துக்கொள்கின்றோம். பூசி எடுத்தவுடன் முதலில் செம்புக் குழாயின் 0.154 நானோமீட்டர்க் கதிரால் கோபுரங்களை அளந்து, இணையின் தடிப்பு குறித்தபடி வந்ததா என்று பார்க்கின்றனர். தடிப்பு தவறியிருந்தால் பூசும் நேரத்தைத் திருத்தி மறுபடி பூசுவர். சரியாக இருந்தால், எந்த அலைநீளத்துக்காக அது செய்யப்பட்டதோ அதே அலைநீளத்தில், வெற்றிட அறைக்குள் வைத்து, வளையத்தின் ஒளியை அதன் மேல் விட்டு, விழுந்தது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று எண்ணுவர். முன்னதில் கிடைத்த தடிப்பையும் கலக்கத்தையும் வைத்துக் கணிப்பொறி சொன்ன திறன் ஒன்று. வெற்றிட அறை சொல்லும் திறன் மற்றொன்று. இரண்டும் ஒத்துவராவிடில், கலந்த எல்லையில் என்ன நடந்தது என்று தேடத் தொடங்குகின்றனர்.

பிள்ளைகளுக்கு ஐயம் இருப்பின், சிற்றுண்டிக்குப் பின் நாம் இங்கேயே இருப்போம்.